‘எங்கட ரீம்’: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், இரண்டு பாடசாலைகள் வருடாவருடம் மோதும் கிரிக்கெட் போட்டியான பிக் மெட்ச் பற்றியவை. கொழும்பில் ‘கொலிஜ்’ என்றால் அது அனேகமாகப் பாடசாலைதான், பல்கலைக்கழகம் அல்ல. அந்தப் பொருளிலேயே பதில்களும்.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. யாழ்ப்பாணத்தில் படித்தவர். கொலிஜ் ரீமில் ஒருநாளும் விளையாடியதில்லை. 30 வருடமாகக் கொழும்பில் இருந்தும் ஒவ்வொரு மார்ச்சும் லீவு போட்டுவிட்டு மெட்ச் பார்க்க ஊருக்குப் போய்விடுகிறார். சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் மட்டும் லீவு கிடைக்காது. இது என்ன நோய்? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அவர் போவது அனேகமாக யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் வடக்கின் பெருஞ்சமருக்காக இருக்கும். போர்க்காலத்தில் சில வருடங்கள் நடக்காமலும் போன மெட்ச் அது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் போய் அவர் பார்க்கும் 11 பேரில் ஒருவரைக்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. மர்மம் இருப்பதே அங்கேதான்.

தொழில்முறை அணியை நேசிப்பவர் ஒரு வீரரைப் பிடித்துக்கொண்டு பத்து, பதினைந்து வருடம் போகலாம். பாடசாலை அணியில் அது முடியாது. 19 வயதைத் தாண்டினால் பெடியன் வெளியே. மூன்று நான்கு வருடத்தில் முழு அணியுமே மாறிவிடும். அதனால் பிடிப்பு மாறாதவற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது: தொப்பியின் நிறம், மைதானம், மார்ச் மாதம், அவர் வழக்கமாக நிற்கும் இடம், பக்கத்தில் நிற்கும் அதே நான்கு பேர். விளையாடாதவருக்கு இது இன்னும் கூடுதலாக இருப்பதைக் காணலாம். விளையாடியவருக்குத் தன் ஓட்டங்கள்தான் ஞாபகம். பார்த்தவருக்கு முழு மெட்ச்சும் ஞாபகம்.

ஒன்று செய்து பாருங்கள். போன வருட மெட்ச்சில் முதலில் துடுப்பெடுத்தாடியது யார் என்று கேளுங்கள், யோசிப்பார். ஏ.எல் படித்த வருடத்து மெட்ச்சைக் கேளுங்கள், யார் எந்தப் பந்தில் ஆட்டமிழந்தார் என்று சொல்வார். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் பதிந்தவைதான் மனிதருக்குக் கடைசிவரை தெளிவாக நிற்கும். ஒருமுறை நீங்களும் கூடப் போங்கள். ஆனால் அந்த நான்கு பேருக்கு நடுவில் போய் உட்காராதீர்கள்.

கேள்வி: மகன் தரம் 4இல் படிக்கிறான். போன வருடம் அவனுடைய பாடசாலை மெட்ச்சுக்கு முதல்முறையாகக் கூட்டிப்போனேன். 11 மணிக்கே ‘வீட்ட போவம்’ என்று அழத் தொடங்கிவிட்டான். எங்கே பிழைத்தது? (தந்தை, கொட்டாஞ்சேனை)

பதில்: வயது பிழையில்லை. அமெரிக்காவில் பேஸ்போல் இரசிகர்களின் பேஸ்புக் விருப்பங்களை 2014இல் அலசியபோது, ஓர் ஆணுக்கு 8 வயதளவில் எந்த அணி கிண்ணம் வென்றதோ அந்த அணி அவனுக்கு வளர்ந்த பிறகும் நெருக்கமாக இருந்தது தெரியவந்தது. தரம் 4 பிள்ளைக்கு அதே வயதுதான். ஆனால் நம்முடைய இரண்டு, மூன்று நாள் மெட்ச்கள் பல வெற்றி தோல்வி இல்லாமலே முடிபவை. கிண்ணத்தை நம்பிக் கூட்டிப்போனால் ஏமாற்றம்தான்.

பிழைத்தது நேரம். முதல் நாள் காலை என்பது மெட்ச்சுக்கு இன்னும் உருவம் வராத நேரம். புதுப்பந்து, நிதானமான ஆட்டம், பாதி ஆட்கள் வந்திருக்கவும் மாட்டார்கள். கொழும்பில் ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நேரே உச்சிக்கு வருகிறது. மார்ச்சில் அதற்குக் கிட்டவே நிற்கும். நடுப்பகலில் மரத்தடியைத் தவிர வேறெங்கும் நிழல் இராது.

இந்த முறை இரண்டாம் நாள், பிற்பகல் 2 மணிக்குப் போங்கள். சோற்றை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும், மைதானத்தில் பார்சல் அவிழ்த்தால் பிள்ளை தூங்கிவிடுவான். தலைக்குத் தொப்பி, ஆளுக்கு 1 லீற்றர் தண்ணீர், இடையில் கொறிக்கக் கடலையும் இரண்டு ரோல்ஸும் போதும். உங்களுக்கு மேற்கே கட்டடமோ மரமோ இருக்கிற பக்கமாக உட்காருங்கள், நேரம் போகப் போக நிழல் உங்களைத் தேடி வரும். பந்துவீச்சாளருக்கு நேர் பின்னால் இருந்தால் பந்து திரும்புவது தெரியும், ஆனால் அது பெரியவருக்கான இடம். பிள்ளைக்கு விக்கெட்டின் பக்கவாட்டுத்தான் நல்லது: ஓடுவது, எறிவது, ரன் அவுட் எல்லாம் கண்ணுக்கு நேரே நடக்கும். டிரம்பெட்டும் மேளமுமாகப் பாட்டு வாசிக்கும் பப்பரே பேண்டிலிருந்து 20, 30 மீற்றர் தள்ளி இருங்கள். டிரம்பெட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் காது வலித்தே வீட்டுக்குக் கிளம்பச் சொல்வான்.

அடுத்தது கைக்கு வேலை. ஒரு 80 பக்கக் கொப்பி, ஒரு பென்சில். பேனை வேண்டாம், வியர்வைக் கையில் மை அழியும். ஒரு வரிக்கு ஓர் ஓவர், அதில் 6 கட்டம். ஓட்டம் இல்லாத பந்துக்குப் புள்ளி, ஓட்டத்துக்கு எண், விக்கெட்டுக்கு ‘டபிள்யூ’. ஆறும் புள்ளியாக வந்தால் அவற்றைக் கோடிழுத்துச் சேர்த்து ‘எம்’ ஆக்கலாம். அதுதான் மெய்டன் ஓவர். அந்த ‘எம்’ கீறுவதற்காகவே பிள்ளை ஒவ்வொரு பந்தையும் பார்ப்பான். முதல் தடவை 10 ஓவர் மட்டும், சுமார் 40 நிமிடம். பிறகு கொப்பியை மூடி ஓட விடுங்கள். பெரும்பாலான அப்பாமார் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள்: பிழை திருத்துகிறேன் என்று பென்சிலை வாங்கினால் அந்தக் கொப்பி அப்பாவுடையதாகிவிடும். தவறவிட்ட பந்துக்கு ஒரு கேள்விக்குறி போடட்டும், போதும்.

‘யார் வெல்லுவாங்கள்?’ என்று கேட்பான். மெட்ச் முடிவில்லாமல் போகிறதென்றால், தப்பிக்கிற அணி இன்னும் எத்தனை பந்து தாக்குப்பிடிக்க வேண்டும் என்று எண்ணக் கொடுங்கள். 8 ஓவர் மீதம் என்றால் 48 பந்து. 48, 47, 46 என்று இறங்கி எண்ணுகிற பிள்ளைக்கு எந்த வெற்றியும் தேவைப்படாது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் காதைக் கொடுங்கள். ‘அவங்கட ரீம்’ என்று சொன்னவன் ‘எங்கட ரீம்’ என்று சொன்னால் உங்கள் வேலை முடிந்தது.

கேள்வி: எங்கள் கல்லூரி மெட்ச்சில் பல வருடமாக வெல்லவில்லை. உற்சாகம் வரட்டும் என்று 300 ரீசேட் அடித்தோம், பாதிக்கு மேல் தேங்கிவிட்டது. இளம் பிள்ளைகளை எப்படி இழுப்பது? (பழைய மாணவர் சங்கச் செயலாளர், தெஹிவளை)

பதில்: தோல்வியின் மேல் பழி போடாதீர்கள். ரோயல் கல்லூரியும் சென். தோமஸ் கல்லூரியும் மோதும், 1879இல் தொடங்கிய ரோயல்–தோமியன் தொடரில் 1885ஆம் ஆண்டு ரோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அந்த மெட்ச்சைத் தோமியன்கள் வெற்றியாக எண்ணுகிறார்கள், ரோயல்காரர்கள் முடிவில்லாததாக எண்ணுகிறார்கள். இத்தனை தலைமுறை கழித்தும் சண்டை பிடிக்க ஒரு விஷயம் கிடைத்ததே, இரசிகருக்கு வேறென்ன வேண்டும்!

ரீசேட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் 7 பல்கலைக்கழகங்களில் உளவியலாளர் ரொபர்ட் சியால்டினியும் குழுவினரும் செய்து 1976இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரே பதில் சொல்கிறது. சனிக்கிழமை தங்கள் அணி வென்றிருந்தால் திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடுப்பில் வருவோர் கூடினார்கள். வென்றால் ‘நாங்கள் வென்றோம்’, தோற்றால் ‘அவர்கள் தோற்றார்கள்’ என்று பேச்சும் மாறியது. நம் வாயிலும் அப்படித்தானே: வென்றால் ‘எங்கட பெடியள்’, தோற்றால் ‘இவங்கள்’. வெற்றிக்குப் பின்னால் வருவதுதான் ரீசேட். தோற்கிற காலத்தில் அதை முன்னால் தள்ளினால் தேங்கத்தான் செய்யும்.

தோற்கிற காலத்துக்கு ஏற்றது பிள்ளைகள் தாங்களே செய்கிற பொருள். கொடியில் தொடங்குங்கள். 6 அடி நீளம், 4 அடி உயரம், மூன்று கிடைப்பட்டை, வெளிப்பட்டை இரண்டும் ஒரே நிறம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பட்டை 16 அங்குலம், இரு பக்கத் தையலுக்கும் சேர்த்து 17 ஆக வெட்ட வேண்டும். நீளம் 72 அங்குலம், கம்பு நுழைய 4, மறுமுனை மடிப்புக்கு 1, ஆக 77. 36 அங்குல அகலத் துணியில் 2¼ யார் (81 அங்குலம்) வாங்கினால் வெளிப்பட்டை இரண்டும் வந்துவிடும். நடுநிறத்தில் 2¼ யார் வாங்கினால் ஒரு பட்டை மிஞ்சும், அது இரண்டாவது கொடிக்கு.

கெடுவது சாயத்தில்தான். மெரூனும் கடும் நீலமும் ஒரு மழை பட்டதும் பக்கத்து மஞ்சளில் இறங்கிவிடும். தைக்குமுன் ஒவ்வொரு துணியையும் தனியே நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் ஒட்டாத வரை அலசுங்கள், அல்லது கடைக்குத் திருப்புங்கள். சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும். மரக்கம்பை வாசலில் மறிக்கக்கூடும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஒற்றைத் தாளில் 11 வீரர்களின் பெயர், வகுப்பு, என்ன செய்பவர் என்று அச்சடித்துத் தரம் 6 முதல் 9 வரை கொடுங்கள். பக்கத்து வகுப்பு அண்ணா விளையாடுகிறார் என்று தெரிந்தால்தான் பிள்ளைக்குப் பதற்றம் வரும். மைதானத்தில் அவர்களுக்கென்று ஒரு மூலை, பேண்டுக்கு அருகில், பெரியவர்களின் போத்தல் கூடாரத்துக்கு எட்டத்தில். பொறுப்புக்கு 25 வயதுக்குட்பட்ட பழைய மாணவர் இருவர். தலைவர் உரை வேண்டாம். ஒருவர் உரையாற்றினாலும் பேண்ட் நின்றுவிடும், நின்ற பேண்டைத் திரும்பச் சூடாக்குவது லேசல்ல.

கேள்வி: நான் படித்தது பெண்கள் பாடசாலை. சின்ன வயதிலிருந்தே அண்ணாவின் கொலிஜ் ரீம்தான் என் ரீம். ‘உமக்கென்ன உரிமை?’ என்று மச்சான்மார் கேலி செய்கிறார்கள். (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: ஓர் அணியோடு ஒருவருக்குள்ள பிடிப்பை அளக்க ஆய்வாளர்கள் டேனியல் வானும் நைலா பிரான்ஸ்கோம்பும் 1993இல் 7 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றைத் தந்தார்கள். அணி வெல்வது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், உங்களை நீங்களும் நண்பர்களும் இரசிகராகக் காண்கிறீர்களா, எவ்வளவு நெருக்கமாகத் தொடர்கிறீர்கள், எதிரணி மேல் எவ்வளவு வெறுப்பு என்றெல்லாம் அதில் உண்டு. எங்கே படித்தீர்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. மச்சான்மாரையும் அதற்குப் பதில் எழுதச் சொல்லுங்கள், யாருக்குக் கூட என்று பார்ப்போம்.

கேள்வி: பிரட்பி கேடய றக்பியில் இரண்டாவது மெட்ச்சில் தோற்றுவிட்டும் சில வருடங்களில் தோற்றவர்கள் கேடயத்தைத் தூக்குகிறார்களே, எப்படி? (மாணவி, கொள்ளுப்பிட்டி)

பதில்: 1945 முதல் ரோயலும் கண்டி திரித்துவக் கல்லூரியும் ஆடுவது கொழும்பில் ஒன்று, கண்டியில் ஒன்று என இரண்டு மெட்ச். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம். முதலாவதில் 24–10 என வென்று, அடுத்ததில் 12–20 எனத் தோற்றால் மொத்தம் 36–30. கடைசி நிமிடங்களில் பின்னால் நிற்கும் அணி பந்தை வெளியே உதைத்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்வதைக் கண்டால் குழம்ப வேண்டாம், அவர்கள் கணக்குப் பார்த்துத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: பேரன் கனடாவின் ஸ்காபரோவில் பிறந்து வளர்கிறான், 10 வயது. தாத்தாவின் கொலிஜ் மெட்ச்சை இணையத்தில் நேரலையாகக் காட்டினால் அவனுக்கும் அந்தப் பிடிப்பு வருமா? (வாசகர், வத்தளை)

பதில்: நாள் முழுவதும் காட்டினால் வராது. நேரத்தைப் பாருங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு கனடாவில் மணிக்கூட்டை மாற்றும்வரை கொழும்பு அவர்களை விடப் பத்தரை மணித்தியாலம் முன்னே, அதற்குப் பிறகு ஒன்பதரை. நமக்குக் காலை ஆட்டம் அவனுக்கு நடுச்சாமம். ஆனால் நமக்குப் பின்னேரம் 4 மணி, மணிக்கூடு மாறிய பிறகு அவனுக்குக் காலை 6.30. கடைசி நாள் சனிக்கிழமையாக இருந்தால் பாடசாலையும் இல்லை. கடைசி ஒரு மணித்தியாலம் மட்டும் காட்டுங்கள்.

நேரலை ஒளிபரப்பு சில நொடிகள் பிந்தி வரும். நீங்கள் மைதானத்தில் இருந்துகொண்டு தொலைபேசியில் விக்கெட் என்று கத்தினால் அவன் இன்னும் பந்து போடாததைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், எல்லாம் பாழ். அழைத்தால் ஸ்கோரைச் சொல்லாதீர்கள். ‘எத்தனை பந்து மிச்சம், தம்பி?’ என்று அவனிடம் கேளுங்கள்.