16 யூனிட் கூடினால் 361 ரூபாய் கூடுமா?

கேள்வி: போன முறை 496 யூனிட் ஓடி, கரண்ட் பில் 1,780 ரூபாய் வந்தது. இந்த முறை 512 யூனிட், 2,141 ரூபாய். ரீடிங் எடுத்தவர் தவறாகக் குறித்துவிட்டாரா? (அம்மாபேட்டை, சேலம்)

பதில்: கணக்கு சரிதான். 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதன்மேல் 500 வரை 6.30.

500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை பறிபோகிறது. முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 101-லிருந்தே 4.70 போட்டுவிடுவார்கள். அதிலேயே 235 ரூபாய் கூடிவிடுகிறது. நீங்கள் கூடுதலாக எரித்த 16 யூனிட்டின் விலை 126 ரூபாய்தான் (500 வரை நான்கு 6.30 வீதம், 500-க்கு மேல் பன்னிரண்டு 8.40 வீதம்). 500-இல் நின்றால் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

ஆகவே, பில் வந்தபின் பார்த்துப் பயனில்லை. ரீடிங் எடுத்த அன்று அட்டையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் தேதி, வோல்டேஜ் எல்லாம் மாறி மாறி வரும், கே.டபிள்யூ.எச். என்று காட்டும்போது வருவதுதான் யூனிட். 500-க்குள் நிற்க, நாளுக்கு 8 யூனிட்டுக்குச் சற்று மேல் என்பது உங்கள் அளவு. 45ஆம் நாளில் 375-ஐத் தாண்டியிருந்தால், மீதி 15 நாளும் கையைக் கட்டித்தான் செலவழிக்க வேண்டும்.

கேள்வி: எதை மாற்றினால் உடனே குறையும்?

பதில்: அதிக நேரம் ஓடும் ஃபேனை. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேனுக்கு ஏறக்குறைய 30 வாட் போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 40 யூனிட் மிச்சம். உங்கள் 512, 472 ஆகும்; பில் 1,629-க்கு இறங்கும். ஒரே ஃபேனில் 512 ரூபாய்! மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி, நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். அது அப்படியே இருந்தால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு கெட்டுப்போகலாம். எப்போதாவது ஓடும் விருந்தினர் அறை ஃபேனை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள்.

ஃப்ரிட்ஜ் வாங்கும்போது நட்சத்திரத்தோடு நிற்காமல், லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அதை 6-ஆல் வகுத்தால் ஒரு பில்லில் அதன் பங்கு ஏறக்குறைய தெரியும்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். ஏ.சி. கிடையாது, ஆனாலும் குளிர்காலத்தில் பில் ஏறுகிறது. (15 லிட்டர் கீசர்)

பதில்: கீசரைத்தான் சந்தேகிக்க வேண்டும். 15 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட் ஆகும். 60 டிகிரிக்கு முக்கால் யூனிட்டுக்கும் மேல். 60-க்குக் காய்ச்சிப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பவர்கள், தெர்மோஸ்டாட்டை (சூட்டின் அளவை வைக்கும் திருகு) 45, 50-க்கு இறக்கிப் பாருங்கள். ஒரு தொட்டி போதாவிட்டால் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். சுவிட்சை நாள் முழுக்கப் போட்டே வைத்தால், தொட்டி ஆற ஆறத் திரும்பக் காயும். 2,000 வாட் கீசருக்கு 45 டிகிரி வர ஏறக்குறைய கால் மணி நேரம் போதும். குளிக்கப் போகும் முன் போட்டு, காய்ந்ததும் அணைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்துவிடுங்கள்.