டேப்லெட்டில் நல்ல மதிப்பெண், மவுஸில் குறைந்த மதிப்பெண்: எதை நம்புவது?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ஆறு மாதம் முன்பு டேப்லெட்டில் செய்த மூளைத்திறன் பரிசோதனை இயல்பாக இருந்தது. இப்போது மடிக்கணினியில், மவுஸ் பிடித்துச் செய்ததில் 'வேகம் குறைவு' என்று வந்திருக்கிறது. மறதி நோய் தொடங்கிவிட்டதா டாக்டர்?

பதில்: இந்த இரண்டு மதிப்பெண்களை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பதில் சொன்ன விதமே மாறிவிட்டதே!

திரையில் புள்ளி தெரிந்ததும், விரல் தயாராக இருக்கும் பட்டனை அழுத்த இளைஞருக்கே ஏறத்தாழ 250 மில்லிவிநாடி ஆகும். மவுஸ் என்றால் அம்புக்குறி எங்கே என்று தேடி, நகர்த்தி, கட்டத்துக்குள் நிறுத்தி, அப்புறம்தான் கிளிக். கட்டம் சிறியதாகவோ தள்ளியோ இருந்தால் இன்னும் தாமதம். பழக்கமில்லாத கைக்கு இதிலேயே ஒரு விநாடி போய்விடலாம். கணினி அதையும் மூளையின் கணக்கில் சேர்த்துவிடும்.

தொடுதிரையிலும் கோளாறு உண்டு. விரல் நுனி வறண்டிருந்தால் தொட்டது பதிவாகாது. மறுபடி தட்டுவார், அந்தத் தட்டு சில சமயம் அடுத்த கேள்விக்கு விடையாக விழுந்து 'தவறு' ஆகிவிடும். கை நடுக்கம், விரல் மூட்டுவலி இருந்தாலும் இதே தொல்லைதான்.

அறிக்கையில் சரியான விடைகளின் எண்ணிக்கையைத் தனியாகப் பாருங்கள். அது குறையாமல் நேரம் மட்டும் கூடியிருந்தால் முதலில் மவுஸைச் சந்தேகிப்பேன். புள்ளியைக் கண்டதும் அழுத்தும் எளிய சோதனையிலும் அதே அளவு தாமதம் இருந்தால் மவுஸ் மீதான சந்தேகம் வலுக்கும். யோசிக்க வேண்டிய பகுதியில் மட்டும் தாமதம் என்றால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

மறுபடி செய்யும்போது பழைய டேப்லெட், அதே கை, அதே வேளை, படிக்கும் கண்ணாடி. தொடங்குமுன் ஐந்து நிமிடம் பழக விடுங்கள். மறுநாளே செய்ய வேண்டாம். கேள்விகள் பழகி மதிப்பெண் பொய்யாக ஏறும். கை ஒத்துழைக்காவிட்டால், வாயால் விடை சொல்லும் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். அதை அதற்குரிய அளவீட்டு அட்டவணையோடுதான் (அதே பரிசோதனையில் அந்த வயதினர் வழக்கமாக எடுக்கும் மதிப்பெண்கள்) ஒப்பிட வேண்டும்.

தூக்க மாத்திரை, மனச்சோர்வு, தைராய்டு குறைவு ஆகியவையும் வேகத்தைக் குறைக்கும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், பழகிய வழியில் தடுமாறுகிறார், பணக் கணக்கில் குழம்புகிறார் என்றால், மதிப்பெண் எப்படி இருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.