‘திருகோணமலையில் மூழ்கிய ஜப்பான் கப்பலின் விளக்கு’: மீதிப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: தூத்துக்குடியில் சிறிய கடலுணவுக் கடை நடத்துகிறேன். சுவரில் மாட்டப் பழைய கப்பல் சாமான் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு தரகர் பித்தளை விளக்கு ஒன்றும் பெயர்த் தகடு ஒன்றும் கொண்டுவந்தார். ‘ஷின்கொக்கு மாரு’ என்ற ஜப்பான் கடற்படை எண்ணெய்க் கப்பலில் எடுத்தவையாம். அது ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மீதான தாக்குதலுக்குப் போன கப்பல் என்றும், 1942-ல் திருகோணமலை அருகே மூழ்கிவிட்டது என்றும் சொல்கிறார். தொல்பொருள் பதிவு எண் போட்ட சான்றிதழும் இருக்கிறது. விலை 85,000 ரூபாய். முன்பணமாக 20,000 கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் அவர் போன் செய்தாலும் கொடுக்காதீர்கள்.

உங்கள் தரகர் சொன்னதில் பாதி உண்மை. ஷின்கொக்கு மாரு என்று ஒரு கப்பல் இருந்தது. பேர்ல் ஹார்பர் படையோடு போனதும் நிஜம். இந்தத் தொழிலில் பொய் எப்போதும் ஓர் உண்மையான கப்பலில் ஏறித்தான் வரும். நீங்கள் இணையத்தில் தேடிப் பார்த்திருப்பீர்கள், பெயரும் பேர்ல் ஹார்பரும் சரியாக வந்திருக்கும், உடனே பர்ஸைத் திறந்திருப்பீர்கள். இன்னும் இரண்டு வரி கீழே படித்திருந்தால் 20,000 மிஞ்சியிருக்கும்.

அது 1940-ல் கோபே நகரில் கவாசாகி கட்டி முடித்த கப்பல். சுமார் 10,000 டன். பிறவியில் கடற்படைக் கப்பல் அல்ல, தனியார் கம்பெனியின் வியாபாரக் கப்பல். 1930-களில் ஜப்பான் அரசு கம்பெனிகளுக்கு மானியம் கொடுத்து வேகமான எண்ணெய்க் கப்பல்களைக் கட்ட வைத்தது. சாதாரண எண்ணெய்க் கப்பல் பன்னிரண்டு ‘நாட்’ வேகத்துக்குள் தவழும். இந்த வகை பதினெட்டுக்கு மேல் ஓடும். (நாட் என்பது கப்பல் வேகக் கணக்கு. மணிக்கு இத்தனை கடல் மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.) அமைதிக் காலத்தில் இவை செய்த முக்கிய வேலை கலிபோர்னியாவிலிருந்து ஜப்பானுக்கு எண்ணெய் சுமப்பது. ஜப்பானுக்கு வந்த எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. 1941 ஆகஸ்டில் அமெரிக்கா குழாயை மூடியது. ஏறக்குறைய அதே சமயத்தில் இந்தக் கப்பல்களைக் கடற்படை வாடகைக்குப் பிடித்துக்கொண்டது.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சான்றிதழ் இந்தக் கப்பலை ‘மூன்று எதிரிக் கப்பல்களை மூழ்கடித்த வீரக் கப்பல்’ என்று எழுதியிருக்கிறது. எண்ணெய்க் கப்பல் யாரையும் மூழ்கடிக்காது. அதன் வேலை சோறு போடுவது. 1941 நவம்பர் 26 அன்று குரில் தீவுகளில் உள்ள ஹிட்டோக்கப்பு விரிகுடாவிலிருந்து ஆறு விமானந்தாங்கிகளோடு படை கிளம்பியபோது, கூடவே ஏழு எண்ணெய்க் கப்பல்கள் போயின. ஷின்கொக்கு மாரு, கியோகுதோ மாரு, கென்யோ மாரு, கொக்குயோ மாரு, தோஹோ மாரு, தோஎய் மாரு, நிப்போன் மாரு. அவை இல்லாவிட்டால் அந்தப் படை ஹவாய் வரை போய்த் திரும்பியிருக்க முடியாது. அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்று தாங்கிகளுக்கும் தொட்டியின் கொள்ளளவு போதவில்லை. டிரம் டிரம்மாக எண்ணெயைக் கப்பலுக்குள் அடுக்கிக்கொண்டு போனார்கள்.

நான் எண்ணெய்க் கப்பலில் இருபது வருடம் எஞ்ஜினியராக இருந்தவன். துறைமுகத்தில் கட்டிப்போட்ட கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும்போதே, குழாய் இணைப்பு கொஞ்சம் நழுவினால் டெக் முழுக்கக் கறுப்புச் சாந்து மாதிரி வழியும். செருப்பு வழுக்கும், மூச்சில் நெடி ஏறும், நாலு நாள் சோற்றிலும் அதே வாசம். இவர்கள் அதை டிசம்பர் மாத வட பசிபிக்கில், இரண்டு கப்பலும் ஓடிக்கொண்டிருக்க, நடுவே குழாயைத் தொங்கவிட்டுச் செய்தார்கள். அலையில் இரண்டும் விலகினால் குழாய் முறுக்கேறி அறுந்து சாட்டையாக வீசும். அந்தக் கப்பலின் ‘வீரம்’ இதுதான். இதைச் சான்றிதழில் எழுதினால் விலை ஏறாது, அதனால் எழுத மாட்டார்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

ஷின்கொக்கு மாரு திருகோணமலையில் மூழ்கவில்லை. அந்தத் திருகோணமலைத் தாக்குதலுக்குப் பிறகும் அது இருந்தது. 1942 ஜூனில் பசிபிக்கில் நடந்த மிட்வே சண்டைக்கு, ஜப்பான் தாங்கிப் படையின் தளபதி நகுமோவின் தாங்கிகளோடு போன எண்ணெய்க் கப்பல்களில் அதுவும் ஒன்று. அது முடிந்தது 1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் ட்ரக் தீவுக் காயலைத் தாக்கியபோது. அந்த இடம் பசிபிக்கின் நடுவில், இன்றைய மைக்ரோனீசியாவின் சூக் மாநிலத்தில் இருக்கிறது. கப்பல் நிமிர்ந்தபடியே தரையில் உட்கார்ந்திருக்கிறது. அடித்தரை சுமார் 40 மீட்டர் ஆழம், பிரிட்ஜ், அதாவது கப்பலை ஓட்டும் அறை, அதைவிட மிக மேலே. முன்பக்கப் பீரங்கியைப் பவளமும் கடல்பஞ்சும் மூடிவிட்டன. உலகெங்கிலுமிருந்து முக்குளிப்பவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்க்கலாம், எடுக்கக் கூடாது. அந்தக் காயலில் மூழ்கிய கப்பல்களிலிருந்து எதை எடுத்தாலும் அங்கே குற்றம். 1971-லிருந்தே அப்படித்தான். அங்கே கிடக்கும் கப்பல்களுக்குள் மனித எலும்புகளும் இருக்கின்றன. ஆக, தரகர் சொல்வது உண்மையாக இருந்தால் நீங்கள் திருட்டுச் சாமான் வாங்குகிறீர்கள். பொய்யாக இருந்தால் ஏமாறுகிறீர்கள்.

திருகோணமலைக் கதை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். நகுமோவின் படை 1942 மார்ச் 26 அன்று செலிபிஸ் தீவிலிருந்து கிளம்பி, ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பையும், 9-ம் தேதி திருகோணமலையையும் தாக்கியது. அதற்கும் எண்ணெய் ஊற்றியவை எண்ணெய்க் கப்பல்கள்தான், ஆனால் அவை கரைப்பக்கம் வரவேயில்லை. அந்தத் தாக்குதலில் ஜப்பான் இழந்தவை விமானங்கள், கப்பல் இல்லை. 9-ம் தேதி மட்டக்களப்புப் பக்கம் மூழ்கியவை எல்லாம் எதிர்த் தரப்புக் கப்பல்கள். ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கியோடு ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’, ‘அதெல்ஸ்டேன்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல்களும் போயின. கீழைக் கரையில் ‘மூழ்கிய எண்ணெய்க் கப்பல்’ என்று மீனவர் யாரோ சொன்னதைத் தரகர் காதில் வாங்கி, விலை போகும் என்று ஜப்பான்காரன் பெயரை ஒட்டியிருக்கிறார்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தகட்டில் மூன்று விஷயம்.

ஆங்கிலத்தில் ‘ஜப்பான் ஏகாதிபத்தியக் கடற்படை’ என்றும் கீழே ‘ஷின்கொக்கு மாரு’ என்றும் பொறித்திருக்கிறது. ‘மாரு’ வியாபாரக் கப்பலின் பெயரில் வரும் வால். கடற்படை தனக்கென்றே கட்டிக்கொண்ட எண்ணெய்க் கப்பல்களுக்கு அந்த வால் கிடையாது. இரோ, சாத்தா, எரிமோ, நருத்தோ என்று முனை, நீரிணைப் பெயர்கள் மட்டும்தான். வாடகைக்குப் பிடித்த கப்பலில் கோபே பட்டறைக்காரன் ஆங்கிலத்தில் கடற்படை பெயரை ஏன் வார்க்க வேண்டும்? கப்பலைக் கட்டும்போது அது கடற்படையில் சேரவே இல்லை.

இரண்டாவது, ஜப்பானிய எழுத்து. உங்களுக்கு ஜப்பானியம் தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். நடு எழுத்து ‘நாடு’ என்ற பொருள் தருவது, சதுரப் பெட்டி மாதிரி இருக்கும். அந்தக் காலத்து அச்சிலும் வார்ப்பிலும் பெட்டிக்குள் எட்டுக் கோடு நெருக்கியடித்து நிற்கும். போருக்குப் பிறகு, 1940-களின் பிற்பகுதியில் எழுத்துகளைச் சுருக்கியபோது உள்ளே ஐந்து கோடாக ஆனது. உங்கள் தகட்டில் ஐந்து. கையெழுத்தில் சுருக்க வடிவம் முன்பே புழங்கியது என்று யாராவது படித்தவர் வாதாடலாம். கையெழுத்துக்குச் சரி, கப்பல் தகட்டுக்குச் சரியில்லை. கம்ப்யூட்டரில் பெயரை அடித்து, அதை அப்படியே அச்செடுத்துப் பட்டறையில் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, விளக்கின் மூடியை ஸ்டார் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஜப்பானில் அது புழக்கத்திலேயே இல்லை. இதற்கு மேல் என்ன சொல்ல? பச்சைக் களிம்பு இருக்கிறதே என்பீர்கள். ஒரு மூலையில் புளியைக் கரைத்துத் தேயுங்கள். நிமிடத்தில் பளபளவென்று புதுப் பித்தளை வந்தால், அது அமிலத்தில் முக்கி ஏற்றிய களிம்பு. எண்பது வருடம் கடலுக்குள் கிடந்த பித்தளையில் குழி விழுந்திருக்கும், ஓரம் அரித்திருக்கும், சிப்பி ஒட்டிய வட்டத் தழும்பு இருக்கும். உங்கள் விளக்கில் விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது. ரூர்க்கியிலும் மொராதாபாத்திலும் இப்படிக் கப்பல் சாமான் நகல்களை வண்டி வண்டியாகச் செய்கிறார்கள். நகல் என்று சொல்லி விற்றால் அது கௌரவமான தொழில், நல்ல கைவேலை. கெடுப்பது நடுவில் நிற்கிறவர்.

சான்றிதழைப் பற்றி எனக்கு எரிச்சலே வருகிறது. 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி இந்த மாதிரிப் பொருளுக்கு நூறு வயது ஆனால்தான் அது தொல்பொருள். 1940-ல் கட்டிய கப்பலின் விளக்குக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. பிறகு ‘பதிவு எண்’ எங்கிருந்து வந்தது? லெட்டர்பேடு, தங்கநிற முத்திரை, ஹாலோகிராம் ஸ்டிக்கர் மூன்றும் எந்த அச்சகத்திலும் கிடைக்கும். நிப்போன் மாரு எண்ணெய்க் கப்பலின் சான்றிதழ் என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார், அதில் அச்சிட்டிருந்த படம் யோகோஹாமாவில் காட்சிக்கு நிற்கும் பாய்மரப் பயிற்சிக் கப்பல்! பெயர் ஒன்று, அவ்வளவுதான். இதையெல்லாம் ஒரு போன் காலில் சரிபார்த்துச் சொல்ல இந்த நாட்டில் ஓர் இடம் இருக்க வேண்டும். நான் ஒரு அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதுக்குப் பதில் வந்தது: ‘உரிய படிவத்தில் விண்ணப்பிக்கவும்.’ படிவம் எது என்று கேட்ட நாலாவது கடிதம் இன்னும் பயணத்தில் இருக்கிறது. தரகர்கள் ஏன் செழிக்க மாட்டார்கள்?

‘அப்படியானால் ஜப்பான் எண்ணெய்க் கப்பல் சாமான் எல்லாமே போலிதானா?’ என்று கேட்பீர்கள். ஒரு விலக்கு உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் தரகர் அடுத்த முறை அதைத் தூக்கிக்கொண்டு வருவார். மூழ்கிய கப்பலை முறைப்படி தூக்கி எடுத்து, பழுது பார்த்து, மறுபடி ஓட்டியிருந்தால், அதன் சாமான் நேர்மையாகக் கைமாறியிருக்கலாம். மூன்றாம் தோனான் மாரு அப்படிப்பட்டது. அது திமிங்கிலம் பிடிக்கும் தாய்க்கப்பல். கடற்படை எடுத்து எண்ணெய் சுமக்க வைத்தது. 1943 ஜூலை 24 அன்று ட்ரக்குக்கு மேற்கே டினோசா என்ற அமெரிக்க நீர்மூழ்கி அதன்மீது 15 டார்பிடோக்களை விட்டது. கப்பல் நின்றுபோனது, ஆனால் மூழ்கவில்லை. அசையாமல் நின்ற கப்பலை நிதானமாகக் குறிபார்த்து ஒன்றன்பின் ஒன்றாக விட, டார்பிடோக்கள் பக்கத்தில் மோதி வெடிக்காமல் விழுந்தன. நீர்மூழ்கியின் தலைவர் டாஸ்பிட் வெறுத்துப்போய், கடைசி ஒன்றை விடாமல் ஆராய்ச்சிக்கென்று திரும்ப எடுத்துப் போனார். அதன் பிறகுதான் அமெரிக்கர்கள் தங்கள் வெடிமுனையைச் சரிசெய்தார்கள். கப்பலை ட்ரக்குக்கு இழுத்துப் போனார்கள், 1944 பிப்ரவரியில் ஷின்கொக்கு மாருவோடு அதுவும் அங்கே மூழ்கியது. ஆனால் 1951-ல் அதைத் தூக்கி, ஜப்பானுக்கு இழுத்துப் போய்ச் சரிசெய்து, மறுபடி திமிங்கில வேட்டைக்கு அனுப்பினார்கள். பெயரில் இருந்த ‘மூன்றாம்’ மட்டும் போய்விட்டது. 1970-களில்தான் உடைத்தார்கள். அந்தக் கப்பலின் சாமான் என்று யாராவது சொன்னால், ‘உடைத்த பட்டறையின் ரசீது எங்கே?’ என்று கேளுங்கள். மணிலாவில் மூழ்கித் தூக்கப்பட்ட கியோகுதோ மாருவுக்கும் இதே கேள்விதான். ஷின்கொக்கு மாருவுக்கு இந்த விலக்குப் பொருந்தாது. அது போன இடத்திலேயே கிடக்கிறது.

இனி செய்ய வேண்டியது. தரகரிடம் சான்றிதழ் பற்றிச் சண்டை போடாதீர்கள், அவர் இன்னொன்று கொண்டுவருவார். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில்லில் ‘ஷின்கொக்கு மாரு, 1940’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டார். ‘பித்தளைக் கைவினைப் பொருள்’ என்றுதான் வரும். அந்தப் பில்லையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். ஒரு வாரம் பாருங்கள். பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். லைன் கிடைக்கப் பொறுமை வேண்டும், காலையிலேயே முயலுங்கள்.

விளக்கு பிடித்திருக்கிறது, சுவருக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றினால், கொடுத்த 20,000-த்தில் 12,000-மாவது திருப்பி வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்ளுங்கள். அலங்காரச் சாமானுக்கு எட்டாயிரம் தாராளம். தகட்டை மட்டும் கழற்றிவிடுங்கள். உங்கள் கடைக்கு வரும் ஹார்பர்க்காரர் எவராவது அந்த எழுத்தில் கோடு எண்ணிவிடப் போகிறார்.