கார்பன் திட்டங்கள் சொல்லும் ‘வளர்ச்சி’யை எப்படி அளப்பது? – கேள்வி பதில்

வளரும் நாடுகளில் நடக்கும் உமிழ்வுக் குறைப்புத் திட்டங்கள், அங்கே வாழும் மக்களுக்கும் நன்மை செய்வதாகச் சொல்கின்றன. அதை எப்படிச் சோதிப்பது என்பதுதான் இங்கே என் வேலை. கிரெடிட் (ஒரு டன் உமிழ்வைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று) விலை ஏறுமா இறங்குமா என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஒரே கேள்வியைப் பலர் அனுப்பியிருக்கிறீர்கள். முதலில் வந்ததற்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி (புதியவன்): கார்பனைக் குறைத்தால் அதற்குக் காசு, புரிகிறது. நடுவில் இந்த ‘நீடித்த வளர்ச்சி’ எப்படி நுழைந்தது சார்?

பதில்: நடுவில் நுழையவில்லை, ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 1997இல் ஏற்கப்பட்ட கியோட்டோ ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு, சிடிஎம் என்ற தூய்மை வளர்ச்சி ஏற்பாட்டை உருவாக்கியபோதே அதற்கு இரண்டு வேலை கொடுத்தது. வளர்ந்த நாடுகள் தங்கள் இலக்கை எட்ட உதவ வேண்டும். திட்டம் நடக்கும் நாடு நீடித்த வளர்ச்சி பெறவும் உதவ வேண்டும். முதல் வேலைக்கு டன் டன்னாக அளக்கும் முறைகள், வெளித் தணிக்கை, ஐ.நா. குழு எல்லாம் வந்தன. இரண்டாவதை, அந்தந்த நாடே உறுதிசெய்துகொள்ளட்டும் என்று 2001இல் மராகேஷ் உடன்பாடு விட்டுவிட்டது. நடைமுறையில் அது ஓர் ஒப்புதல் கடிதம். திட்டத்தைப் பதிவு செய்யும் முன் ஒருமுறை வாங்கினால் போதும்.

விளைவைப் பாருங்கள். சொன்ன டன் அளவுக்கு உமிழ்வைக் குறைக்காவிட்டால் கிரெடிட் குறையும். சொன்ன வேலைவாய்ப்பு வராமலே போனாலும் ஒரு கிரெடிட்கூடக் குறையாது. இன்று பேசப்போகும் சிக்கல்களில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கேள்வி (கயல்): மேம்படுத்திய விறகடுப்பு கொடுக்கும் திட்டம் ஒன்றில் வேலை செய்கிறேன். ‘இத்தனை ஆயிரம் குடும்பங்களின் உடல்நலம் மேம்பட்டது’ என்று அறிக்கையில் எழுதினோம். தணிக்கையாளர் ஆதாரம் கேட்கிறார். அடுப்பு விநியோகப் பதிவேடு போதாதா?

பதில்: போதாது. அடுப்பு கைமாறியது என்பதற்கு மட்டும்தான் பதிவேடு சாட்சி. அதற்கும் உடல்நலத்துக்கும் நடுவில் நான்கு படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் பலன் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துகொண்டே போகும்.

முதல் படி பயன்பாடு. ‘தினமும் இதில்தான் சமைக்கிறீர்களா?’ என்று அடுப்பைக் கொடுத்தவரே போய்க் கேட்டால், அவர் மனம் கோணக்கூடாது என்பதற்காகவே ஆமாம் என்பார்கள். அடுப்பில் வெப்பத்தைப் பதியும் சின்ன சென்சார் ஒன்றை ஒட்டி வையுங்கள், உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது பழைய அடுப்பு. புதியது வந்தபின் பழையதை இடித்துப் போடுபவர்கள் குறைவு. பெரும்பாலும் இரண்டும் எரியும். அடுப்புத் திட்டங்கள் சிலவற்றை மாதிரியாக எடுத்து ஆராய்ந்த அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வழங்கப்பட்ட கிரெடிட் உண்மைக் குறைப்பைப்போல 9.2 மடங்கு என்று 2024 ஜனவரியில் கணக்குக் காட்டினார்கள். புது அடுப்பின் பயன்பாட்டைக் கூட்டிச் சொன்னது அதற்கான காரணங்களில் ஒன்று. தணிக்கைக்கு உட்பட்ட கார்பன் கணக்கே இப்படியென்றால், அதே பயன்பாட்டு எண்ணை வைத்து எழுதும் உடல்நலக் கணக்கை யார் நம்புவார்?

மூன்றாவது, மூக்குக்குள் போகும் காற்று. சமையலறையில் புகை குறைந்தது என்பது வேறு, சமைப்பவர் நாள் முழுவதும் சுவாசிப்பது வேறு. பக்கத்து வீட்டுப் புகையும் சாலைத் தூசியும் அவரை விடாது. இதில் இன்னொரு பொறியும் உண்டு: நுண்துகளுக்கும் நோய்க்கும் உள்ள உறவு நேர்கோடு கிடையாது. மேல் அளவுகளில் வளைவு தட்டையாகக் கிடக்கும், கீழே வரவரத்தான் செங்குத்தாகும். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் அளவை 400இலிருந்து 200 ஆக்கிவிட்டு ‘புகை பாதியானது’ என்று எழுதலாம், பொய்யில்லை. ஆனால் அபாயம் பாதியாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் வெறும் 5 மைக்ரோகிராம்.

கடைசிப் படி நோயேதான். மலாவி கிராமங்களில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்த பெரிய சோதனையில், விசிறி வைத்த நல்ல அடுப்பு கொடுத்த வீடுகளிலும் கொடுக்காத வீடுகளிலும் நிமோனியா ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நான்கிலும் 3,200 கர்ப்பிணிகளுடன் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பாதிப் பேருக்கு அடுப்பு மட்டுமல்ல, எரிவாயுவையும் இலவசமாகக் கொடுத்தார்கள். கொடுக்காதவர்கள் சுவாசித்த நுண்துகள் 70.7 மைக்ரோகிராம், கொடுத்தவர்கள் சுவாசித்தது 23.9. அப்படியும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது.

இதற்காக அடுப்பே கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. விறகுச் செலவு குறைந்திருக்கும், கண்ணெரிச்சல் குறைந்திருக்கும். அளந்ததை எழுதுங்கள். ‘உடல்நலம் மேம்பட்டது’ என்பதை அடித்துவிட்டு, ‘மாதிரி வீடுகளில் தனிநபர் சுவாசிக்கும் நுண்துகள் இவ்வளவிலிருந்து இவ்வளவானது’ என்று எழுதினால் தணிக்கையாளர் வாய் திறக்க மாட்டார். ஆனால் ‘இவ்வளவிலிருந்து’ என்று எழுத, அடுப்பு போவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும். முன்பு அளக்காததைப் பின்னால் போய் அளக்க முடியாது. இதை இன்று இன்னும் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி (லாபம்_பாரி): எந்த வகை கிரெடிட் வாங்கி வைத்தால் நல்ல வருமானம்?

பதில்: மேலே இரண்டாவது பத்தியைப் படிக்கவும்… இல்லை, முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி (மணிமாறன்): காற்றாலைத் திட்டத்தில் ‘வேலைவாய்ப்பு’ என்ற தலைப்பில் எதைக் காட்டலாம்?

பதில்: சிடிஎம் ஆவணங்களில் அதிகம் உரிமை கோரப்பட்ட நன்மையே வேலைவாய்ப்புதான். 296 திட்ட ஆவணங்களைப் படித்து 2008இல் வெளிவந்த ஆய்வு இதைக் காட்டியது. சொல்வதற்கு எளிது, யாரும் மறுக்க மாட்டார்கள், அதனால்தான். ஆள் எண்ணிக்கை போடாதீர்கள், ஆள்-நாள் போடுங்கள். கட்டுமானக் காலத்தையும் இயங்கும் காலத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். காற்றாலை ஓடத் தொடங்கியபின் காவலாளியும் சில டெக்னீஷியன்களும்தான் மிஞ்சுவார்கள். உள்ளூர்க்காரர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், கூலி சட்டக் கூலிக்கு மேலா கீழா என்பதும் வேண்டும். அப்புறம், திட்டத்தால் வேலை இழந்தவர்களைக் கழிக்க வேண்டும். குப்பைக் கிடங்கை மூடி மீத்தேன் எடுக்கும் திட்டங்களில், அங்கே பொறுக்கிப் பிழைத்தவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

கேள்வி (ஆதிரை): எத்தனை எஸ்டிஜி (ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்கு) காட்டினால் திட்டம் நல்ல திட்டம்?

பதில்: எண்ணிக்கைக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. கார்பன் திட்டங்களுக்குச் சான்று தரும் கோல்டு ஸ்டாண்டர்டு அமைப்பு குறைந்தது மூன்று இலக்குகளுக்குப் பங்களிப்பு கேட்கிறது, அதில் ஒன்று காலநிலை. ஒன்பது இலக்குகளின் வண்ணப் பெட்டிகளை அட்டையில் ஒட்டிவிட்டு ஒன்றுக்குக்கூட பேஸ்லைன் (திட்டம் தொடங்கும் முன் எடுத்த அளவு) இல்லாத அறிக்கையைவிட, மூன்றை ஒழுங்காக அளந்த அறிக்கை மேல். முன்பு அளக்காததைப் பின்னால் அளக்க முடியாது, இரண்டாவது தடவை.

கேள்வி (ஆய்வாளன்): எல்லா நன்மைகளையும் ஒரே மதிப்பெண்ணாகத் தொகுத்தால் ஒப்பிட வசதியாக இருக்காதா?

பதில்: அப்படிச் செய்து பார்த்தவர்கள் உண்டு. பல அளவுகோல்களுக்கு எடை கொடுத்துக் கூட்டும் முறை ஒன்றில், சட்டர், பரெனோ என்ற ஆய்வாளர்கள் 2007இல் 16 சிடிஎம் திட்டங்களை எடைபோட்டார்கள். எதிர்பார்த்த கிரெடிட்டுகளில் 72 சதவீதம் உண்மையான குறைப்பாக இருக்க வாய்ப்பு உண்டு, உள்ளூர் வளர்ச்சிக்குக் குறிப்பிடும்படி உதவுபவை 1 சதவீதத்துக்கும் கீழே என்று முடிவு வந்தது. கண் திறந்த ஆய்வு அது. ஆனால் எடையை யார் போடுவது? தண்ணீருக்கு அதிக எடை போட்டால் ஒரு திட்டம் ஜெயிக்கும், கூலிக்குப் போட்டால் இன்னொன்று. ஆய்வுக்கு ஒற்றை எண் சரி. அதை வைத்துத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டாம். கெட்ட விளைவு ஒன்றை நல்ல விளைவு இரண்டு போர்த்தி மறைத்துவிடும்.

கேள்வி (கரிசல்): எது வளர்ச்சி என்பதை அந்தந்த நாடுதான் தீர்மானிக்க வேண்டும். மேலை நாட்டுத் தர நிறுவனங்கள் பட்டியல் போட்டு நம்மை அளப்பது பழைய எஜமானத்தனம். மராகேஷ் முடிவு சரியே.

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். இறையாண்மையை உருப்படியாகப் பயன்படுத்திய நாடு சீனா. குளிரூட்டி வாயு ஆலைகளில் துணைப்பொருளாக வரும் எச்எஃப்சி-23 ஒரு டன்னை எரித்தால், அன்றைய கணக்கில் 11,700 டன் கார்பன் டை ஆக்சைடு குறைத்ததாகப் பொருள். செலவு சொற்பம், கிரெடிட் மலைபோல. ஊருக்கு நன்மை என்று பெரிதாக எதுவும் இல்லை. சீனா 2005இல் அந்த வருமானத்தில் 65 சதவீதத்தை அரசுக்கு எடுத்துக்கொண்டது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் போன்ற முன்னுரிமைத் திட்டங்களிடம் 2 சதவீதம்தான். வளர்ச்சி தராதவன் அதிகம் கட்டு என்று அர்த்தம். பின்னர் ஐரோப்பா 2013 மே முதல் அவ்வகைக் கிரெடிட்டைத் தன் சந்தையில் ஏற்கவே மறுத்தது.

மீதிப் பாதி: எல்லா நாடும் சீனா அல்ல. திட்டம் வராதா என்று ஏங்கும் சிறிய நாடு கடுமையாக நிபந்தனை வைத்தால் முதலீட்டாளர் பக்கத்து நாட்டுக்குப் போய்விடுவார். அதனால் நிபந்தனை தளரும்.

கரிசல்: சீனா செய்தது சரி என்கிறீர்கள். அதுதானே என் வாதமும்!

பதில்: சீனா வாங்கியது பணம். ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்பதை வரி அளக்காது.

நெய்தல் (இடையில்): ‘நாடு’ என்றால் யார் கரிசல்? தலைநகரில் கடிதம் எழுதும் அதிகாரியா, அணையில் நிலம் போனவரா?

பதில்: இதுதான் சரியான கேள்வி. பனாமாவின் பாரோ பிளாங்கோ நீர்மின் திட்டம் அரசின் ஒப்புதலோடு 2011இல் சிடிஎம்மில் பதிவானது. தபசரா ஆற்றங்கரையில் வாழும் ஙாபே பழங்குடியினர் தங்களை முறையாகக் கலந்து பேசவில்லை என்று தொடர்ந்து எதிர்த்தார்கள். 2016இல் பனாமா அரசே ஒப்புதலைத் திரும்பப் பெற்றது.

கரிசல்: பார்த்தீர்களா, திரும்பப் பெற்றதும் அரசுதான். இறையாண்மை வேலை செய்திருக்கிறது.

பதில்: ஐந்து வருடம் கழித்து, அணை எழும்பிய பிறகு. அதை வேலை செய்தது என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், ஆற்றங்கரையில் இருப்பவர் எடுத்துக்கொள்ள மாட்டார். சிடிஎம்முக்கு 2012இல் ஒரு நீடித்த வளர்ச்சிக் கருவி உருவாக்கினார்கள்; விருப்பமிருந்தால் நிரப்பலாம், நிரப்பாவிட்டாலும் ஒன்றுமில்லை. சிடிஎம்முக்குப் பதிலாக வந்திருக்கும் பாரிஸ் ஒப்பந்தத்தின் 6.4 ஏற்பாட்டுக்கு 2024 அக்டோபரில் ஏற்றது கட்டாயக் கருவி. தீங்கு வருமா என்று முதலில் சோதிக்க வேண்டும், நன்மையைக் கண்காணிக்க வேண்டும், வெளியாள் சரிபார்க்க வேண்டும். நாட்டின் ஒப்புதலும் அப்படியே இருக்கிறது. உங்கள் இறையாண்மையை யாரும் பறிக்கவில்லை கரிசல், கடிதத்தோடு ஆதாரமும் கேட்கிறார்கள். நான்காவது தடவை எழுதினால் பதில் வராது. வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

கேள்வி (பசுமை_வேல்): மரம் நட்டால் எத்தனை எஸ்டிஜி கிடைக்கும்?

பதில்: ஆதிரைக்குச் சொன்னதுதான்.

கேள்வி (அலைமகள்): விறகு பொறுக்கும் நேரம் மிச்சமானால் அது பெண்களுக்கு அதிகாரமளிப்பதாகக் கணக்கில் வருமா?

பதில்: நேரம் மிச்சமானது என்பது நேரம் மிச்சமானது மட்டும்தான். பெண்களுக்கான பலனை அளக்கும் டபிள்யூ பிளஸ் தரம் நேரத்தை ஒரு பிரிவாகவும் வருமானம், தலைமை முதலியவற்றைத் தனித்தனிப் பிரிவுகளாகவும் வைத்திருப்பது அதனால்தான். மிச்சமான நேரம் இன்னொரு வேலையில் போய் விழுந்ததா, அவர் விருப்பப்படி போனதா என்று கேளுங்கள். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.

கேள்வி (திட்டக்காரன்): ஒப்பிட்டுப் பார்க்க, திட்டம் கிடைக்காத கன்ட்ரோல் குழு வைக்கப் பணமில்லை. சிலருக்குக் கொடுத்துச் சிலருக்குக் கொடுக்காமல் விடவும் மனம் வரவில்லை. என்ன செய்ய?

பதில்: நல்ல கேள்வி, இன்று வந்ததிலேயே வேலைக்கு ஆகும் கேள்வி. எல்லா ஊருக்கும் ஒரே மாதத்தில் உங்களால் கொடுக்க முடியாது, எப்படியும் வரிசை இருக்கும். அந்த வரிசையைக் குலுக்கலில் போடுங்கள். அடுத்த வருடம் பெறப்போகும் ஊர்கள்தான் இந்த வருட ஒப்பீடு. யாரும் ஏமாறுவதில்லை, செலவு ஒரு கூடுதல் கணக்கெடுப்புதான். கிரெடிட் வருமானத்தில் பங்கு கொடுக்கும் திட்டமென்றால் சராசரியை மட்டும் காட்டாதீர்கள். நிலமில்லாதவருக்கு எவ்வளவு போனது என்பதைத் தனி வரியில் போடுங்கள். இரண்டு குழுக்களிலும் முதல் நாளுக்கு முன்பே அளந்துவிடுங்கள். மூன்றாவது தடவை.

கேள்வி (ஜெயசீலன்): திட்டம் தொடங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது. பேஸ்லைன் எடுக்கவில்லை. நினைவில் இருப்பதைக் கேட்டுப் போடலாமா?

பதில்: வேறு வழியில்லை என்றால் போடலாம், ‘நினைவிலிருந்து’ என்று அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள். பள்ளி வருகைப் பதிவு, சுகாதார நிலையப் பதிவு, மின் கட்டண ரசீது மாதிரி அப்போதே எழுதப்பட்டவை கிடைத்தால் அவற்றை முதலில் எடுங்கள். அடுத்த கிராமங்களுக்குப் போகும் முன்னாவது அளந்துவிட்டுப் போங்கள்.