பழுதான கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்): ரிப்பேர் செய்யலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

கேள்வி: "ஆறு வருஷமாக வைத்திருக்கும் 15 வாட் கிட்டார் ஆம்ப். ஆன் ஆகிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் சத்தம் விட்டு விட்டு வருகிறது. மேலே ஓங்கித் தட்டினால் கொஞ்ச நேரம் ஒழுங்காக வரும், அப்புறம் போய்விடும். கடையில் போர்டையே மாற்ற வேண்டும் என்று புதிய ஆம்ப் விலையில் பாதிக்கு மேல் கேட்கிறார்கள். செய்யலாமா, இல்லை புதிதே வாங்கிவிடலாமா?"

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். தட்டினால் சத்தம் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஐசி (சிப்) எரிந்துபோன போர்டைத் தட்டினாலும் உருட்டினாலும் சத்தம் வராது. தட்டுக்கு அசைந்து கொடுக்கிறது என்றால் எங்கோ ஓர் இணைப்பு விட்டு விட்டுப் பிடிக்கிறது என்று அர்த்தம். போர்டில் பார்ட்களைப் பிடித்து வைக்கும் ஈயப்பற்று இப்படி விட்டுப்போவதை மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்பார்கள். ஒன்று அதுவாக இருக்கும், இல்லையென்றால் ஏதாவது ஒரு ஜாக்கில், அதாவது கேபிள் செருகும் துளையில், களிம்பு பிடித்திருக்கும். இதற்கெல்லாம் முழு போர்டையும் மாற்றுவது தேவையில்லாத செலவு.

ரிப்பேர் செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப் போட்டுவிடு என்று பலரும் சொல்வார்கள். மிக்சிக்கு அந்தக் கணக்கு சரி. கிட்டார் ஆம்ப்புக்கு அது இரண்டு பக்கமும் தப்பாகப் போகும். கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் நல்ல வால்வ் ஆம்ப்பை அவசரப்பட்டு விற்க வைக்கும். சரி செய்தாலும் நிலைக்காத டிஜிட்டல் ஆம்ப்புக்குப் பணம் போட வைக்கும். சர்ச் குழு, கல்யாணக் கச்சேரி என்று பல வருஷமாக ஆம்ப்களைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எது போயிருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள், ஆம்ப் எந்த விதமாகக் கட்டப்பட்டது என்பதை அடுத்துக் கேளுங்கள். பணக் கணக்கு மூன்றாவதுதான்.

எது போயிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதியை ஆம்ப்பைத் திறக்காமலேயே வீட்டில் செய்துவிடலாம். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஆம்ப் போச்சு என்று பதறுகிற பலருக்குக் கேபிளின் பின்னுக்குள் கம்பி விட்டுப்போயிருக்கும். வேறு கிட்டார், வேறு பிளக் பாயின்ட். ஆக்டிவ் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும், பேட்டரியில் ஓடும் பாகம்) உள்ள கிட்டார் என்றால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரியையும் பாருங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ஆம்ப்பை மனதுக்குள் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை வாங்கி கெயின், பேஸ், ட்ரெபிள் எல்லாம் சேர்ப்பது பிரீஆம்ப். அதை ஸ்பீக்கர் தாங்கும் பலத்துக்கு ஏற்றுவது பவர் ஆம்ப். ஆக்ஸ் ஜாக் இருந்தால் போனைச் செருகி ஒரு பாட்டுப் போடுங்கள். பாட்டு இடையில் அறாமல் வந்தால் பவர் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு முன் பக்கத்தில்தான். ஹெட்போனில் கிட்டார் சுத்தமாகக் கேட்கிறது, ஸ்பீக்கரில்தான் வரவில்லை என்றால் முதலில் அந்த ஹெட்போன் ஜாக்கையே சந்தேகப்படுங்கள். ஹெட்போன் செருகியதும் ஸ்பீக்கர் நிற்க வேண்டும் என்பதற்காகப் பல சின்ன ஆம்ப்களில் அந்த ஜாக்குக்குள் ஒரு மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். அந்தத் தகடு கறுத்துவிட்டால் எதையும் செருகாதபோதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். வெளி எஃபெக்ட் பெடல்களை இடையில் இணைப்பதற்கான எஃபெக்ட்ஸ் லூப்பிலும் இதே கதைதான். சென்ட், ரிட்டர்ன் என்ற இரண்டு துளைகள் பின்னால் இருந்தால் ஒரு குட்டி கேபிளால் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். சத்தம் முழுசாக வந்துவிட்டால் ரிட்டர்ன் ஜாக்கின் தகடுதான் குற்றவாளி. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னைப் பல தடவை செருகி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இந்தத் தகடுகளைச் சீக்கிரம் கெடுக்கும். வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகர சத்தத்துக்கும் முதல் மருந்து அதே கிளீனர்தான்.

உங்கள் ஆம்ப்பில் நான் அதிகம் சந்தேகப்படுவது கிட்டாரைச் செருகும் இன்புட் ஜாக்கை. விலை குறைந்த ஆம்ப்களில் இந்த ஜாக் நேரே போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். வாசிக்கும்போது கேபிளை யாராவது காலால் இடறினால் அந்த இழுப்பு முழுக்க அந்த நாலைந்து சால்டர் புள்ளிகள் மேல்தான் விழும். மெக்கானிக் போர்டை வெளியே எடுத்து நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஜாக்கின் காலைச் சுற்றி முடியளவு மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று தெரியும். அதுதான் விரிசல். தட்டும்போது இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், ஆம்ப் சூடானதும் மறுபடி பிரிந்துவிடும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் போட்டுப் புது ஈயம் வைத்தால் தீர்ந்தது. ஜாக்கே உடைந்திருந்தாலும் புதிதின் விலை சொற்பம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் ஆம்ப்புக்குள் கையை விடாதீர்கள். வால்வ் ஆம்ப் என்றால் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 300 முதல் 500 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். ஆளையே கொன்றுவிடும். அதைப் பாதுகாப்பாக இறக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே திறக்க வேண்டும். வால்வ் ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டுவதும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

சரி, ஜாக்கும் இல்லை, கேபிளும் இல்லை, உண்மையாகவே ஏதோ ஒன்று செத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் ஆம்ப் எந்த வகை என்ற கேள்வி வருகிறது.

உங்களுடையதைப் போன்ற சாதாரண சாலிட் ஸ்டேட் (வால்வ் இல்லாமல் டிரான்சிஸ்டர், ஐசியில் ஓடும்) பயிற்சி ஆம்ப்களில் பலவற்றில் பவர் ஆம்ப் என்பதே ஒரு ஐசிதான். டிடிஏ 2030, டிடிஏ 2050 மாதிரி. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். போலிகளும் நிறைய உலவுகின்றன, அதனால் மெக்கானிக்கையே வாங்கச் சொல்லிவிடுவது நல்லது. ஐசி, டயோடு, கெப்பாசிட்டர் என்று பார்ட் அளவில் மாற்ற முடிகிற வரை இந்த ஆம்ப்களை ரிப்பேர் செய்யுங்கள். பவர் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் சேர்ந்து போயிருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பீக்கரைச் சோதிப்பது சுலபம்: வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழு ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) போய்விட்டது.

வால்வ் ஆம்ப் என்றால் என் பதில் கிட்டத்தட்ட எப்போதும் ரிப்பேர்தான். காரணம் அவை பிறந்த விதம். ஃபெண்டர் கம்பெனியை ஆரம்பித்த லியோ ஃபெண்டர் 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். ஆம்ப் செய்ய ஆரம்பித்தபோதும் ரிப்பேர் செய்கிறவனின் கண்ணோடுதான் செய்தார். சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் சர்க்யூட்டைத் தாங்கும் உலோகச் சட்டமான சேசிஸ் கைக்கு வந்துவிடும். எந்த வால்வ் எங்கே என்று பெட்டிக்குள்ளேயே தாள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ரெசிஸ்டரையும் தனியாகக் கழற்றி மாற்றலாம். அந்த ஆம்ப்கள் இத்தனை வருஷம் கழித்தும் மேடையில் இருப்பது இதனால்தான். இன்றைய வால்வ் ஆம்ப்கள் பெரும்பாலும் அச்சடித்த போர்டில் வருகின்றன என்றாலும் பார்ட்கள் பெரியவை, சர்க்யூட் படம் கிடைக்கும், எங்கே எது போகும் என்று மெக்கானிக்குகளுக்கும் தெரியும். உதாரணமாக ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸில் 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டர்கள் இரண்டு சூடாகிச் சூடாகித் தங்கள் சால்டரையே இளக்கிக்கொள்ளும் என்பது ஊரறிந்த விஷயம். தெரிந்தவர் கையில் அது சின்ன வேலை.

வால்வ் தேய்வதை யாரும் பழுது என்று நினைக்க வேண்டாம். 12ஏஎக்ஸ்7, இஎல்84, 6எல்6 எல்லாம் மாற்றுவதற்காகவே சாக்கெட்டில் வருகிறவை. இப்போது இவை முக்கியமாக ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா மூன்று நாடுகளிலிருந்துதான் வருகின்றன. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபோது ரஷ்ய வால்வ் வரத்து தடைப்பட்டு விலை ஏறியது. இந்தச் செலவைத் தாங்க முடியாது என்றால் வால்வ் ஆம்ப் வைத்துக்கொள்வதையே யோசிக்க வேண்டும். அது ரிப்பேரா புதிதா என்பதிலிருந்து வேறு கேள்வி. இன்னொன்று: பழைய ஆம்ப் வாசிக்காமல் சும்மா இருக்கும்போதும் 'ம்ம்ம்' என்று கனமாக இரைந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயதாகிவிட்டன என்று பெரும்பாலும் சொல்லலாம். அதற்காக ஆம்ப்பை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

மூன்றாவது வகை, நூறு ஆம்ப்களின் சத்தத்தை ஒரே பெட்டியில் தரும் டிஜிட்டல் மாடலிங் ஆம்ப்கள். வாசிக்க அருமையாக இருக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூளையாக இருக்கும் ப்ராசசர் போர்டு போனால் கதை முடிந்த மாதிரிதான். கண்ணுக்கே தெரியாத அளவு பார்ட்கள், உள்ளே இருக்கும் மென்பொருளோ ஆம்ப்பைத் தயாரித்த கம்பெனியிடம் மட்டும்தான் உண்டு. அந்த மாடல் நின்றுபோனால் போர்டும் கிடைக்காது. என் சித்தப்பா மகனுடைய ஆம்ப்புக்கு இதுதான் நடந்தது. வாரன்ட்டி முடிந்து கொஞ்ச நாளில் டிஸ்ப்ளே உறைந்து நின்றது, ஸ்பேர் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அங்கே நான் ரிப்பேருக்கு ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம் என்றேன். ஸ்பீக்கரையும் பெட்டியையும் மட்டும் வைத்துக்கொண்டோம், இப்போது அது வேறு ஆம்ப்போடு இணைக்கும் கூடுதல் ஸ்பீக்கர் பெட்டியாக (எக்ஸ்டென்ஷன் கேபினட்) உழைக்கிறது. அதே டிஜிட்டல் ஆம்ப்பில் ஜாக், சுவிட்ச், அடாப்டர் போயிருந்தால் தாராளமாகச் சரி செய்யலாம்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்க லேபிளை முதலில் படியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரே செருகியிருந்தால், அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸோடு போயிருக்கும். அதே மதிப்புள்ள ஃபியூஸ் போட்டு, வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்டிப் பாருங்கள். ஃபியூஸ் நிற்கவில்லை என்பதற்காகப் பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது பவர் டிரான்ஸ்ஃபார்மர். வெள்ளத்தில் மூழ்கிய ஆம்ப்பும் தனி ரகம். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பெட்டி ஊதிவிடும், ஸ்பீக்கர் பேப்பர் இற்றுவிடும், டிரான்ஸ்ஃபார்மருக்குள் துரு வேலை செய்யும். விலை உயர்ந்த ஆம்ப்பாக இல்லாவிட்டால் அதை விட்டுவிடுவதே மேல்.

இப்போது பணம். ரிப்பேர் செலவைப் புதிய ஆம்ப் விலையோடு ஒப்பிடுவதைவிட, அதே பணத்துக்கு செகண்ட் ஹேண்டில் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். பெரும்பாலும் என்ன வியாதி இருக்கிறது என்றே தெரியாத வேறொருவர் ஆம்ப்தான் கிடைக்கும். உங்களுடையதற்கு ஒரே ஒரு குறை, அதுவும் என்னவென்று தெரியும். ஆனால் மேடை ஏற ஆரம்பித்துவிட்டீர்கள், டிரம்ஸ் பக்கத்தில் 15 வாட் கேட்கவே இல்லை என்றால் பெரியதாக வாங்குங்கள். அது நியாயமான காரணம். அப்போதும் பழையதைச் சரி செய்து வைத்துக்கொண்டால் வீட்டில் பயிற்சிக்கு ஆகும், விற்றாலும் ஓடுகிற ஆம்ப்புக்குத்தான் விலை.

கடையை மாற்றுங்கள் என்றும் சொல்வேன். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர், "கழட்டிப் பாக்காம ரேட் சொல்றவங்ககிட்ட பொருளைக் கொடுக்காதீங்க தம்பி" என்பார். பார்ப்பதற்கு என்ன கூலி, எந்தப் பார்ட் போயிருக்கிறது, அதன் விலை என்ன, வேலைக்கூலி என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். கழற்றிய பழைய பார்ட்டைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். "தட்டினால் வருகிறது, சூடானால் போகிறது" என்று ஒரு தாளில் எழுதி ஆம்ப்பில் ஒட்டிக் கொடுங்கள். தேடுகிற நேரம் பாதியாகக் குறையும். ரிப்பேரான ஆம்ப்பைத் திரும்ப வாங்கப் போகும்போது உங்கள் கிட்டாரையும் உங்கள் கேபிளையும் எடுத்துப் போய், ஒரு அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்து வாசியுங்கள். சால்டர் விரிசல் பெட்டி சூடான பிறகுதான் வெளியே தெரியும், அதனால் அதற்கு முன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.