கார்சியா மார்க்கேஸை ஏன் ‘காபோ’ என்கிறார்கள்?

நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் முதல் பெயரான காப்ரியேல் என்பதன் செல்லச் சுருக்கம்தான் ‘காபோ’. ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் பிரான்சிஸ்கோவைப் பாக்கோ என்பார்கள், ஹோசேயைப் பெப்பே என்பார்கள். நம் வீட்டில் சுப்பிரமணியன் மணியாவது போலத்தான். கொலம்பியாவின் கரீபியப் பகுதியில், அரகடாகா என்ற ஊரில் 1927இல் பிறந்தவர் அவர். நெருங்கியவர்களுக்கு இன்னும் செல்லமாக ‘காபிட்டோ’, அதாவது குட்டி காபோ. 1982இல் இலக்கிய நோபல் பரிசு வந்த பிறகும் ஊர் மக்கள் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பரிசைவிட இதுதான் பெரிய மரியாதை என்று எனக்குப் படுகிறது. கொலம்பியாவின் கார்த்தகேனா நகரில் அவர் தொடங்கிய இதழியல் அறக்கட்டளைக்கும் இன்று காபோ என்றே பெயர்.

பலர் இதைப் புனைபெயர் என்று நினைக்கிறார்கள். இல்லை, நாவல்கள் முழுப்பெயரில்தான் வந்தன. இளம் வயதில் பாரன்கியா நகரத்து நாளிதழ் ஒன்றில் பத்தி எழுதியபோது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ‘செப்டிமுஸ்’.