கால் நரம்புச் சுருட்டலுக்குக் காப்ஸ்யூல் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 49. பாம்பன் பக்கம் கடற்கரைக் கிராமம். இருபது வருடத்துக்கு மேல் கடலில் பாசி எடுத்தவர். இரண்டு வருடமாகக் கரையில் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போகிறார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருண்டிருக்கிறது. சாயங்காலம் ஆனால் கால் கனத்து, கணுக்கால் வீங்கிவிடுகிறது. “கடலுக்குப் போனப்ப இப்படி வலிச்சதில்லையே” என்கிறார். சவுதியில் இருக்கும் அண்ணன் ‘ஹார்ஸ் செஸ்ட்நட்’ காப்ஸ்யூல் அனுப்பியிருக்கிறான். இது நம் குதிரைவாலியா? பாட்டியோ வல்லாரை போதும் என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. எதைக் கொடுக்கலாம்?

பதில்: காப்ஸ்யூலுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அம்மா சொன்னதைப் பார்ப்போம். அவர் சொல்வது முழுக்க உண்மை.

ஊரில் நரம்புச் சுருட்டல் என்று சொன்னாலும், சுருண்டிருப்பது நரம்பு அல்ல, சிரை. காலில் இருந்து ரத்தத்தை இதயத்துக்கு மேலே கொண்டுபோகும் குழாய். ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் இருக்க அதற்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. பிள்ளைப்பேறு, பரம்பரை, வருடக்கணக்காக நின்றே வேலை பார்ப்பது என்று பல காரணங்களால் அவை தளர்ந்துவிட்டால் ரத்தம் கீழே தேங்கும், குழாய் புடைத்துச் சுருளும். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருக்கும். நடந்தால் கெண்டைக்கால் தசை பிழிந்து தள்ளுவதால் அது 30 வரைகூட இறங்கும். வால்வு பழுதானவர்களுக்கு இந்த இறக்கம் சரியாக நடப்பதில்லை.

இப்போது கடலுக்கு வாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது, ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாதத்தைக் கடல் சுமார் 75 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு வெளியே இருந்து அழுத்துகிறது. கணுக்காலில் அதிகம், முழங்காலில் குறைவு, தொடையில் இன்னும் குறைவு. சிரைக்கு வேண்டியது அதே வரிசைதான். அதனால் தண்ணீரில் நின்ற காலத்தில் தேங்கிய ரத்தம் மேலே ஏறியது, கால் லேசாக இருந்தது. கரைக்கு வந்ததும் அந்த அழுத்தம் போயிற்று. போதாக்குறைக்குச் சுடுமணல். வெப்பம் சிரையை இன்னும் விரிக்கும். கடல் செய்த அந்த வேலையைக் கரையில் செய்வதற்காகத்தான் அழுத்தக் காலுறை இருக்கிறது. 20 முதல் 30 மில்லிமீட்டர் அழுத்தம் உள்ள காலுறையைப் பெரும்பாலும் எழுதிக் கொடுப்போம். காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே மாட்ட வேண்டும். வீங்கிய பிறகு மாட்டினால் பலன் குறைவு. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் பாதத்தின் நாடித்துடிப்பை மருத்துவர் தொட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள். பாதத்துக்கு ரத்தம் இறங்கிவரும் தமனியில் அடைப்பு இருந்தால் அழுத்தம் கெடுதல் செய்யும்.

சரி, அண்ணன் அனுப்பிய காப்ஸ்யூல். குதிரைவாலிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஹார்ஸ் செஸ்ட்நட் என்பது ஐரோப்பாவின் பால்கன் பகுதி மரம் ஒன்றின் கொட்டை. அதன் சாற்றில் உள்ள ஏசின் என்ற பொருள்தான் மருந்து. வழக்கமான அளவு 50 மில்லிகிராம் ஏசின், தினம் இரண்டு வேளை. கால் வலி, வீக்கம், அரிப்பு ஆகியவற்றைச் சில வாரங்களுக்கு ஓரளவு குறைக்கிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அண்ணன் அனுப்பியது வெறும் ஏமாற்றுச் சரக்கு அல்ல. ஆனால் தளர்ந்த வால்வை அது இறுக்காது, சுருண்ட குழாயை நிமிர்த்தாது. சுத்திகரிக்காத கொட்டையும் அதன் பொடியும் நஞ்சு என்பதால் பொடியாக யார் விற்றாலும் வாங்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சிறுநீரகம் அல்லது ஈரல் பழுதானவர்கள் இதைத் தொடக் கூடாது. சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை இறங்கலாம் என்பதால் அம்மாவுக்கு நீங்களாகவே ஆரம்பிக்க வேண்டாம்.

நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் டயோஸ்மின், ஹெஸ்பெரிடின் சேர்ந்த மாத்திரையைத்தான் நான் அதிகம் எழுதுகிறேன். ஆரஞ்சு வகைப் பழத்தோலில் உள்ள பொருட்கள் அவை. கனமும் வீக்கமும் குறையும். அதுவும் துணை மருந்துதான்.

பாட்டியின் வல்லாரையைத் துவையலாக அரைத்துத் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் கீரை வேறு, கீரையின் சாற்றைச் சுண்டக் காய்ச்சி அடைத்த காப்ஸ்யூல் வேறு. அந்தச் சாறு கால் வீக்கத்தைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. அபூர்வமாக ஈரலைப் பாதித்ததாகவும் பதிவுகள் உண்டு.

சாப்பாட்டில் நான் கவலைப்படுவது மலச்சிக்கலைப் பற்றித்தான். முக்க முக்க வயிற்றின் அழுத்தம் கால் சிரைக்கு இறங்கும். கம்பு, கேழ்வரகு, கீரை, போதுமான தண்ணீர் இருந்தால் அது சரியாகும். கருவாட்டு உப்பு வீக்கத்தைக் கூட்டும், தினமும் வேண்டாம். உட்கார்ந்து பிரிக்கிற வேலையை உட்கார்ந்தே செய்யட்டும். நிற்க வேண்டியிருந்தால் குதிகாலை அடிக்கடி தூக்கி இறக்கட்டும். ராத்திரி காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைக்கட்டும்.

கணுக்காலின் உள்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தோல் கருத்து, தடித்து, சொரசொரப்பாக இருந்தால் அங்கே புண் வரக்கூடும் என்று அர்த்தம். மீன் முள் குத்திய சின்னக் கீறல்கூட அங்கே மாதக்கணக்கில் ஆறாது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டாதீர்கள். ஒரு பெண்ணுக்குக் குளிக்கும்போது சுருண்ட இடத்தில் கீறல் பட்டு ரத்தம் பீறிட்டது. வீட்டார் பதறி, நாற்காலியில் உட்காரவைத்துத் தொடையில் துண்டை இறுக்கிக் கட்டி என்னிடம் கொண்டுவந்தார்கள். துண்டு முழுக்க நனைந்திருந்தது. கட்டை அவிழ்த்து, படுக்கவைத்து, காலை உயரத் தூக்கி, அந்த இடத்தை இரண்டு விரலால் பத்து நிமிடம் அழுத்தினேன். நின்றுவிட்டது. படுக்கவைப்பது, காலைத் தூக்குவது, அழுத்துவது, இந்த மூன்றையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே ஓடுங்கள்.

அம்மாவுக்கு இப்போது வேண்டியது டாப்ளர் ஸ்கேன். ஊசி போடாத, வலிக்காத சோதனை. எந்த வால்வு பழுது என்று அதில்தான் தெரியும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். லேசரோ, நுரை ஊசியோ, அறுவையோ தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் முடியுமா என்றும் அங்கேயே கேளுங்கள். போகும்போது அண்ணன் அனுப்பிய பாட்டிலையும் அம்மாவின் சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப்போங்கள். லேபிளில் ஏசின் அளவு இருக்கிறதா என்று பார்த்து, கொடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்த மருத்துவரே சொல்லட்டும்.